ஓங்கிய கைக்கும் ஓர் ஆபீஸ்

1

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் நிறைந்த அன்று, காலை எட்டரை மணிக்கு, என் வீட்டுக்காரர் என்மேல் கையை ஓங்கினார். காரணம் ஒரு வாழ்த்து அட்டை.

சேலத்தில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது, விவரமாகச் சொல்கிறேன். நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் வடக்கே, புகையும் மழையும் முறைவைத்துக்கொண்டு வருகிற ஒரு பஞ்சாலை ஊர். இங்கே கல்யாண நாளன்று புருஷன் பெண்டாட்டிக்கு ஓர் அட்டை கொடுத்தாக வேண்டும். மேலே ரோஜாப்பூ, உள்ளே நாலு வரி, கீழே கையெழுத்து. அட்டை கொடுக்காத புருஷனைப் பற்றி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் பேசுவதைக் கேட்டால் அவன் ஏதோ கொலை செய்துவிட்டான் என்று நினைப்பீர்கள். என் வீட்டுக்காரர் இன்னாசிமுத்துவுக்கோ கல்யாணத் தேதியே நினைவில்லை. கேட்டால் "பாஸ்கு கழிஞ்சு மூணாவது திங்கக்கெழமை" என்பார்; ஈஸ்டரைப் பாஸ்கு என்றுதான் சொல்லுவார். ஆகவே நானே ஓர் அட்டை வாங்கி அவருடைய கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றி நீட்டினேன்.

"ஏனுங்க, இதுல ஒரு கையெழுத்துப் போட்டு எங்கிட்டக் குடுங்க."

அவர் அட்டையைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். என் உயிரே, கண்ணே என்கிற மாதிரி ஏதோ அச்சடித்திருந்தது.

"இதை ஆரு எழுதுனா?"

"அட்டைக் கம்பெனிக்காரன் எழுதுனானுங்க. நீங்க பேரு மட்டும் போட்டாப் போதும்."

"எவனோ எழுதுனதுக்கு நான் எதுக்குப் புள்ள கையெழுத்துப் போடோணும்?"

"நீங்களா எழுதுவீங்கன்னு இருந்தா நான் கெழவி ஆயிருவனுங்க."

அப்போதுதான் கை எழும்பியது. எங்கள் எட்டு வயது மகள் ஸ்டெல்லா வாயில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, வந்த வேலை அதுதான் என்பதுபோலத் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. அவர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டார்.

கப்பலேறி வந்த இந்த ஆறு வருடங்களில் இது மூன்றாவது முறை. கை என்மேல் ஒரு தடவையும் விழுந்ததில்லை. ஆனால் முதல் தடவை அது தோள் வரைக்கும் எழும்பியது, இரண்டாம் தடவை காது வரைக்கும், இந்தத் தடவை தலைக்கு மேல். மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறுவதை அளக்கிற மாதிரி நான் அளந்துகொண்டு வந்திருந்தேன். இனி ஏறுவதற்கு இடமில்லை.

2

இப்படி அளக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆட்டையாம்பட்டி.

என் அக்கா பிலோமினாவை அங்கேதான் கட்டிக்கொடுத்தோம். அத்தான் தறிக்காரர், நல்ல பாட்டுக்காரர், கோயில் பாடகர் குழுவில் அவர் குரல்தான் முதல் குரல். கல்யாணமான மறு வருடமே அக்கா சேலத்துக்கு வந்து, எங்கள் கோயில் பங்கின் உபதேசியாரிடம் போய் நின்றாள். உபதேசியார் என்றால் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் பங்கில் இருக்கிற குடும்பச் சண்டையெல்லாம் முதலில் அவரிடம்தான் போகும். அப்போது எனக்குப் பதினேழு வயது. துணைக்கு நானும் போயிருந்தேன்.

"என்ன சாமி, அடிச்சுப்போட்டாரா?" என்றார் உபதேசியார் அக்காவிடம்.

"இல்லீங்க. கையைக் கையை ஓங்கறாருங்க."

"காயம் கீயம்?"

"இல்லீங்க."

"பொறவு எதுக்குச் சாமி இத்தன தூரம் பஸ் ஏறி வந்தே? அடிச்சா வா. பங்குச் சாமியார்கிட்டச் சொல்லி உண்டு இல்லைன்னு பண்ணிப்போடறேன்."

நல்ல மனுஷர்தான். பஸ் ஏற்றிவிடக்கூட வந்தார். அவருடைய கணக்கில் அடி என்பது ஒரு விஷயம். ஓங்கிய கை என்பது ஒன்றுமே இல்லை. அக்கா திரும்பிப் போனாள். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் வந்தாள், இந்தத் தடவை சொன்னபடி முறையாக, மணிக்கட்டு முறிந்து, கட்டோடு.

அடேயப்பா, அப்போது பார்க்க வேண்டுமே! பங்குச் சாமியார் கோபத்தில் சிவந்துவிட்டார். உபதேசியார் சைக்கிளிலேயே ஆட்டையாம்பட்டிக்குப் பறந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் பூசை முடியும் வரைக்கும் அத்தான் கோயில் வாசலில் கையில் மெழுகுவர்த்தியோடு முழங்காலில் நின்றார். உள்ளே பாடகர் குழு முதல் குரல் இல்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. பூசைக்குப் பிறகு சாமியார் பங்களா வராந்தாவில் எல்லாருக்கும் காப்பியும், அத்தானே வாங்கி வந்திருந்த ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கும். முறுக்குத் தட்டைச் சுமந்தவள் நான். அக்காவால் ஒற்றைக் கையால் முறுக்கை உடைக்க முடியவில்லை. அத்தான் உடைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்த பெரியவர்கள் எல்லாரும் கண்கலங்கி, "பாத்தீங்களா, இதுதான் குடும்பம்" என்றார்கள்.

அந்தத் தட்டை அத்தான் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கவிழ்க்கவில்லை. நானும் ஒரு முறுக்கை எடுத்துத் தின்றேன்.

அடுத்த தேர்த் திருவிழா வரைக்கும் அத்தான் நல்லபடியாக இருந்தார். அதற்குப் பிறகு நடந்ததை அக்கா யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

3

அட்டை விவகாரத்தை நான் சலவைக்கூடத்தில் சொல்லவில்லை. போர்வை மடிக்கும்போது என் முகத்தைப் பார்த்து, துணி வாங்க வந்த வார்டு சிஸ்டரே, அதாவது தலைமை நர்ஸ், கேட்டார். நான் சொன்னதும் ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார். கல்யாணத்தைப் பற்றி ஆலோசனை சொல்லும் ஆபீஸ் ஒன்று இந்த ஊரில் இருக்கிறதாம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் உட்கார்ந்து பேச வேண்டுமாம்.

"அவர் இன்னும் என்னை அடிக்கவே இல்லையே. அங்கே சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டேன்.

சிஸ்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதற்கு முன்னால் போவதற்காகத்தானே அந்த ஆபீஸ்?" என்றார்.

அன்று முழுக்க அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் போவதற்கு ஓர் இடம்! எங்கள் அக்காவுக்கு ஒரு மணிக்கட்டு மிச்சமாகியிருக்கும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம ஊட்டுச் சண்டைய வெள்ளக்காரிகிட்டப் போய்ச் சொல்றதா?" என்று குதித்தார். நான் முடிவாகச் சொல்லிவிட்டேன்: வந்தால் அங்கே வாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் அண்ணனுக்கும் நம் பங்குச் சாமியாருக்கும் விவரமாகக் கடிதம் போகும், அந்தக் கை ஒரு தடவை என்மேல் விழுந்தால் நானும் ஸ்டெல்லாவும் அடுத்த கப்பலில் சேலம். இதில் கடைசியை அவர் முழுதாக நம்பவில்லை, ஆனால் கடிதத்தை நம்பினார். யோசித்துவிட்டு, "சரி போலாம். இங்க எவனுக்கு நம்மளத் தெரியும்" என்றார்.

ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். இந்த நாட்டில் எங்கே போனாலும் முதலில் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுப்பார்கள். செத்தவன் மோட்சத்துக்குப் போனால்கூட வாசலில் ஒரு பாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரச்சினை என்ன என்று கேட்டு வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார்கள்: பணம், குடி, மாமியார், மற்றவை. என் வீட்டுக்காரர் நிதானமாகப் படித்து, மற்றவை என்ற இடத்தில் டிக் போட்டு, பக்கத்தில் அழகான எழுத்தில் "மனைவி" என்று எழுதினார்.

ஹார்ட்டன் அம்மாள் என்று ஒருவர் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, தடித்த காலுறை. முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, கை விழுந்துவிட்டால் இங்கே வந்து உட்கார்ந்து பேச வேண்டாம், முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னை அனுப்பிய சிஸ்டர் வீட்டுக்குப் போய்விடு, பேச்செல்லாம் கை விழாத வரைக்கும்தான் என்று சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு அதையே அவரிடமும் சொன்னார்.

4

இப்போது என் வீட்டுக்காரர் செய்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

அடைத்த கதவு, தாழ்ந்த குரல், இங்கே சொல்வது வெளியே போகாது என்ற வாக்குறுதி. பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போய் வந்த மனுஷரை இதெல்லாம் எங்கே கொண்டுபோய் விடும்? சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி, மன்னிப்பும் அபராதச் செபமும் வாங்குகிற இடத்துக்குத்தான். ஹார்ட்டன் அம்மாள் "நீங்கள் சொல்லுங்கள்" என்றதும், அவர் நாற்காலியை விட்டு எழுந்து, குளிருக்கு எரியும் கேஸ் அடுப்புக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தில் முழங்கால் படியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பொத்தான் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து அந்த அம்மாளும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

"நான் பாவசங்கீர்த்தனம் செஞ்சு ஆறு மாசமாச்சுங்க," என்று இவர் தமிழில் தொடங்கிவிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆலைக்குள் போதும், பாவத்துக்குப் போதாது. ஆகவே மொழிபெயர்த்தவள் நான். பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் வாயாலேயே பாவசங்கீர்த்தனம் செய்த கத்தோலிக்கர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"காலைச் செபம் சொல்லாம உட்டது நாலு தடவைங்க. வெள்ளிக்கெழம மறந்து கறி தின்னது ஒருக்கா. போர்மேன மனசுக்குள்ள வஞ்சதுக்குக் கணக்கில்லீங்க. பொண்டாட்டி மேல கை ஓங்குனது மூணு தடவை. அவ வாயி அப்பிடிங்க, ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவா, அதுவும் புள்ளைக்கு முன்னால..."

கடைசி வரியை நான் சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நான் இத்தன நேரம் பேசுனேன், நீ ரெண்டு வார்த்தைல முடிச்சுப்போட்டே?" என்றார்.

சொல்லி முடித்துவிட்டுக் கைகுவித்துத் தலைகுனிந்து காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அபராதம் என்னன்னு கேளு புள்ள. பத்துப் பரலோக மந்திரமா, முழு செபமாலையா?"

ஹார்ட்டன் அம்மாள் அபராதம் கொடுக்கவில்லை. அவரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "கை மேலே போவதற்கு முந்தின நிமிஷம் உங்களுக்குள் என்ன நடந்தது?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ சாமியார்கள் அவரிடம் எத்தனை தடவை என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பதில் தெரியவில்லை என்றார். சரி, அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்றார் அந்த அம்மாள்.

பஸ்ஸில் வரும்போது ஒரே பொருமல். "எல்லாத்தயும் ஒளிக்காமச் சொன்னேன். மன்னிப்பும் இல்ல, அபராதமும் இல்ல. மறுக்கா வரோணுமாம்! இவுங்க கோயில் எந்தக் கோயிலோ."

5

மறுக்காவும் முனகிக்கொண்டே போனார். முனகல் நின்றதற்குக் காரணம் ஹார்ட்டன் அம்மாள் அல்ல, அந்த மாடிப்படிதான்.

மூன்றாவது வியாழக்கிழமை நாங்கள் படியேறும்போது மேலே இருந்து ஒரு ஜோடி இறங்கி வந்தது. என் வீட்டுக்காரர் மனசுக்குள் கணக்கில்லாமல் வைது வந்த அதே போர்மேன், கூடவே அவர் சம்சாரம். படி குறுகல், ஒளிய இடமில்லை. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இவர் திரும்ப, இருவருமாகக் கீழே இறங்கி, செருப்புக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, தோல் நல்ல தோல்தான் என்றும், ஆனால் மழைக்குத் தாங்காது என்றும் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டார்கள். பெண்கள் நாங்கள் இருவரும் படியிலேயே நின்று தலையாட்டிக்கொண்டோம்.

அன்றிலிருந்து இவர் வியாழக்கிழமைகளில் எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "அவனே வாரான், நமக்கு என்ன?" என்றார்.

நடந்த உண்மையைச் சொல்ல வேண்டும். சேலத்து மில்லில் இவர் மேஸ்திரி. நாற்பது பேர் இவர் விசிலுக்கு நிமிர்ந்து நின்றார்கள். இங்கே வந்து இயந்திரத்துக்கு அடியில் கழிவுப் பஞ்சைக் கூட்டுகிறார். வீட்டில் நான் இங்கிலீஷ் பேசி, வாடகைக்கு விட்டவனையும் பள்ளிக்கூடத்தையும் சமாளிக்கிறேன். ஸ்டெல்லா இப்போதெல்லாம் அப்பா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். அவர் திரும்பக் கேட்டால், அவளுடைய டீச்சரைப் போல மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொல்கிறாள். இதெல்லாம் அவர் தொண்டையில் நிற்கிறது என்பது அந்த அறையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் வாயும் சும்மா இருக்கிற வாய் அல்ல; அதையும் அந்த அம்மாள் எனக்குக் காட்டினார். ஆனால் வாய்க்குப் பதில் வாய்தான், கை அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கோபம் வந்தால் வெளியே போய் ஒரு சுற்று நடந்து வாருங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார். இவர் நடந்தார். ஆனால் ஒருவன் காரணமில்லாமல் மழையில் நடப்பதை இந்தத் தெரு ஒப்புக்கொள்ளாது. பக்கத்து வீட்டுக் கிழவர் எங்கே போகிறாய் என்று கேட்டதற்குப் பால் வாங்க என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாங்காமல் வர முடியுமா? முதல் வாரத்தில் ஜன்னலோரம் ஐந்து பாட்டில் நின்றது. நான் தயிர் போட்டேன், மோர் கடைந்தேன், ஒரு நாள் பால்கோவாகூடக் கிண்டினேன். தெருவில் எல்லாரும் இந்த வீட்டில் பால் நிறையச் செலவாகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

6

ஏழாவது வியாழக்கிழமை ஹார்ட்டன் அம்மாள் என்னைப் பார்த்து, அட்டை வந்த காலையை நீ ஒரு தடவை சொல் என்றார்.

எனக்குச் சொல்லவா தெரியாது? உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். ஸ்டெல்லாவின் வாயில் நின்ற கரண்டி, தலையைச் சொறிந்த கை, எல்லாம் வந்தது. சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"கை மேலே போகிற இடம் வரும்போதெல்லாம் நீ சிரிக்கிறாய். ஏன்?" என்றார்.

வாயைத் திறந்தேன். பத்து வருடத்தில் எனக்கு வாய் அடைத்தது அன்றைக்குத்தான்.

அப்போது என் வீட்டுக்காரர், மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல், தன் உடைந்த ஆலை இங்கிலீஷில், அவள் பயந்தால் சிரிப்பாள் என்று சொன்னார்.

நான் திரும்பித் தமிழில் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"எப்ப இருந்துங்க?"

"கப்பல்லயே. காத்து அடிச்சப்ப அத்தன பேரும் அழுதாங்க. நீ மட்டும் புள்ளையக் கட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தே."

"அப்ப என்மேல கை ஓங்குனப்ப..."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ சிரிச்சே. பயந்துட்டேன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஓங்குனேன். ஒரு ஆளாச்சும் என்னப் பாத்துப் பயப்படுதுன்னு இருந்துச்சு."

எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. மறைக்க மாட்டேன், அந்த நிமிஷம் அந்த மனுஷரோடு ஒரே அறையில் இருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் தன்னை மறந்து கை தூக்குகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஹார்ட்டன் அம்மாள் நாங்கள் என்ன பேசினோம் என்று தெரியக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையையும் குறைக்காமல் அத்தனையையும் மொழிபெயர்த்தேன். பிறகு அழுதேன். என் வீட்டுக்காரர் அழவில்லை, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவருக்குச் சோறு வைத்தேன், அவ்வளவுதான். அந்த இரண்டு வியாழக்கிழமையும் அவர் தனியாகவே போய்வந்தார். மொழிபெயர்க்க ஆளில்லாமல் அங்கே என்ன பேசினார், எப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை நானும் கூடப் போனேன்.

இதைப் படித்துவிட்டு, குடும்ப மானத்தைக் கப்பலேற்றுகிறாள் என்று நம் பங்கில் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் முறிந்த மணிக்கட்டுக்குத்தான் கூட்டம் கூட்டுகிறோம். அடி விழுவதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டுகிற பெண்ணிடம் "அடிச்சாரா?" என்று கேட்காத ஓர் ஆள், இரண்டு நாற்காலி போட்ட ஓர் அறை, இவ்வளவு போதும்.

7

போன சனிக்கிழமை ஸ்டெல்லாவின் கூந்தலை வெட்டிவிட்டேன். பள்ளியில் பேன் தொல்லை. அவளும் மற்றப் பிள்ளைகளைப் போலக் காதுவரை வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். இடுப்புவரை இருந்த முடி. அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்தவர், கதவருகே நின்ற பிள்ளையைப் பார்த்தார். முதலில் யாரோ என்று நினைத்தார் போல. பிறகு அடையாளம் தெரிந்தது. "என்ர புள்ள முடிய ஆரக் கேட்டு வெட்டுனே?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஸ்டெல்லா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மேஜைமேல் இருந்த அவருடைய கை மேஜையை விட்டு எழும்பியது.

எனக்கு உதடு தானாக விரிவது தெரிந்தது. ஏதோ ஒரு வேடிக்கையான வார்த்தை நாக்குநுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஏனுங்க," என்றேன், "எனக்குப் பயமா இருக்குதுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லாத வார்த்தை அது. அவர் தன் கையைப் பார்த்தார். அது இடுப்பு உயரத்தில் நின்றது. அதை மெதுவாகக் கீழே விட்டுவிட்டு, நாற்காலி இருந்தும் அதில் உட்காராமல், மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்குந்தான் புள்ள," என்றார்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவர் பால் வாங்கப் போகவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்து, "வா சாமி. எப்பிடி இருக்குதுன்னு பாக்கலாம்" என்றார்.

ஸ்டெல்லா சுவரை விட்டு இரண்டடி நகர்ந்தாள். அதற்கு மேல் வரவில்லை. அவருடைய முகத்தை அவள் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்ததைப் போலவே அவரும் கவனித்தார்.

அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். அப்படியே தலையை மட்டும் முன்னால் நீட்டி, அவளுடைய கழுத்தோரம் எப்படி வெட்டியிருக்கிறது என்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது சாமி," என்றார்.

அவள் கிட்டே வந்தாள்.